இனப்பெருக்க நலச் சேவையை நாடுவதில் தாமதம் (வடசென்னை)

இனப்பெருக்க நலச் சேவையை நாடுவதில் தாமதம் என்பது, பேறுகாலம், கருத்தடை, கருக்கலைப்பு, மாதவிலக்குக் கோளாறு, கருப்பை நோய்கள் ஆகியவற்றுக்கு மருத்துவ உதவி தேவைப்படும் ஒரு பெண், அத்தேவை தோன்றியதற்கும் உதவி கிடைப்பதற்கும் இடையில் இழக்கும் காலத்தைக் குறிக்கும். சென்னை மாநகரின் வடபகுதியில், இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதி இத்தாமதத்தை ஆராய்வதற்குத் தகுந்த இடமாகும். இங்கு மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. நூறாண்டுக்கும் மேற்பட்ட பழமையுடைய மகப்பேறு மருத்துவமனைகள் இப்பகுதியிலேயே அமைந்துள்ளன. பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவமனைக்குச் செல்லாத பெண் இன்று இங்கு அரிது. ஆனால் அதே பெண், வெள்ளைப்படுதலுக்காகவோ, அடியிறக்கத்துக்காகவோ, மாதவிலக்கு நின்றபின் காணும் உதிரப்போக்குக்காகவோ அதே மருத்துவமனையின் படியேற மாதங்களும் ஆண்டுகளும் ஆவதுண்டு.

பகுதியும் மக்களும்

சென்னைத் துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலைகள், எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலை, வடசென்னை அனல் மின் நிலையம், காமராசர் துறைமுகம் ஆகியவை இப்பகுதியின் பொருளாதாரத்தைத் தாங்குவன. இவற்றைச் சுற்றி மீனவர் குப்பங்களும், தொழிலாளர் குடியிருப்புகளும், குடிசை மாற்று வாரிய அடுக்ககங்களும் நெருக்கமாக உள்ளன. ஆலைகளில் நிரந்தர வேலை பெற்றோர் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் மீன் விற்பனை, கருவாடு உலர்த்துதல், இறால் உரித்தல், வீட்டு வேலை, துப்புரவுப் பணி, சிறு பட்டறைக் கூலி வேலை போன்ற அமைப்புசாராத் தொழில்களில் உள்ளனர். தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் மருத்துவ வசதியோ, சட்டம் வழங்கும் ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்போ இவர்களுள் பெரும்பாலோரை எட்டுவதில்லை.

நிர்வாக எல்லைகளும் இப்பகுதியில் அண்மைக்காலத்திலேயே ஒன்றாயின. திருவொற்றியூரும், எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கமும் 2011 வரை தனி நகராட்சிகளாக இருந்து, அவ்வாண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. வருவாய் மாவட்டத்தைப் பொறுத்தவரை 2018 சனவரியில்தான் இவை திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தன. ஆகவே இராயபுரத்துப் பெண்ணும் எண்ணூர்ப் பெண்ணும் பல பத்தாண்டுகளாக வெவ்வேறு உள்ளாட்சிகளின் சுகாதாரப் பணியாளர்களை நம்பி வாழ்ந்தவர்கள் என்பது கருதத்தக்கது.

மருத்துவமனைகளின் தோற்றம்

பெண் மருத்துவர் இல்லாமை என்னும் தடை சென்னையில் 19ஆம் நூற்றாண்டிலேயே உணரப்பட்டது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் நிறுவப்பட்டபோதிலும், ஆண் மருத்துவர் தொட்டுப் பரிசோதிப்பதை ஏற்காத குடும்பத்துப் பெண்கள், குறிப்பாகக் கோஷா முறையைக் கடைப்பிடித்தோர், அங்கு வரவில்லை. இந்நிலையைக் கண்ட மேரி சார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1875இல் வேறு மூன்று பெண்களுடன் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்றார். பின்னர் இலண்டனில் பட்டம் பெற்று 1883இல் சென்னை திரும்பினார். அவரது முயற்சியால் 1885இல் தொடங்கப்பட்டதே, பிற்காலத்தில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் மாற்றம் பெற்ற திருவல்லிக்கேணி மருத்துவமனையாகும். மக்கள் இன்றும் அதனைக் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே வழங்குகின்றனர்.

வடசென்னையில் இதே பணியைச் செய்தவர் இசுக்கொட்லாந்து நாட்டு மருத்துவர் மெட்டில்டா மெக்பெயில். 1888இல் சென்னை வந்த இவர், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறு மருந்தகம் ஒன்றை முதலில் தாம் தங்கிய வீட்டிலேயே நடத்தினார். அது வளர்ந்து, 1914இல் இராயபுரத்தில் கிறிஸ்டினா ரெயினி மருத்துவமனையாக உருப்பெற்றது. கொடையாளர் சவலை இராமசாமி முதலியாரின் பெயரைத் தாங்கிய அரசு மகப்பேறு மருத்துவமனையும் இராயபுரத்திலேயே உள்ளது. சுருக்கமாக ஆர்.எஸ்.ஆர்.எம். எனப்படும் இம்மருத்துவமனை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியது. இன்று ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியுடன் இணைந்து இயங்குகிறது. வடசென்னையின் ஏழைக் குடும்பங்களில் பாட்டி, தாய், மகள் என மூன்று தலைமுறையினரும் இங்கேயே பிள்ளை பெற்றிருப்பது வியப்பன்று.

மூன்று தாமதங்கள்

பேறுகால மரணங்களை ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் ஆகியோர் 1994இல் வெளியிட்ட கட்டுரையில் தாமதத்தை மூன்றாகப் பகுத்தனர். உதவி தேட வேண்டும் என முடிவு செய்வதில் ஏற்படுவது முதல் தாமதம். மருத்துவமனையைச் சென்றடைவதில் ஏற்படுவது இரண்டாவது. சென்றடைந்தபின் உரிய சிகிச்சை கிடைப்பதில் ஏற்படுவது மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றையொன்று பற்றியவை. மருத்துவமனையில் காக்க வைக்கப்பட்ட அனுபவம் அடுத்த முறை முடிவெடுப்பதைத் தள்ளிப்போடும்; ஒரு பெண்ணின் அனுபவம் தெருவில் உள்ள மற்றப் பெண்களின் முடிவையும் பாதிக்கும்.

இப்பகுப்பு பேறுகால நெருக்கடிகளுக்காக வகுக்கப்பட்டது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஏற்படும் கடும் உதிரப்போக்கு, சிகிச்சையின்றேல் இரண்டு மணி நேரத்துக்குள் உயிரைப் பறிக்கக்கூடும். அங்கே தாமதம் மணிக்கணக்கில் அளக்கப்படுகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயிலோ அடியிறக்கத்திலோ தாமதம் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அளவு மாறினாலும் காரணங்கள் பெரிதும் ஒன்றே.

பிள்ளைப்பேற்றில் குறைந்த தாமதம்

தமிழ்நாடு இத்துறையில் அடைந்த முன்னேற்றம் குறிப்பிடத்தக்கது. மாதிரிப் பதிவு முறைக் கணக்கின்படி, ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு நேரும் தாய்மார் இறப்பு 2001-03 காலத்தில் 134 ஆக இருந்தது. 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்திய அளவு 301இலிருந்து 97 ஆயிற்று. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டுப் பிறப்புகளில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன.

இதற்குக் காரணமாக அமைந்தவை பல. 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் தொகை 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 24 மணி நேரமும் அவசரப் பேறுகாலச் சிகிச்சையும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பும் அளிக்கும் 'சீமாங்' மையங்கள் பெரிய அரசு மருத்துவமனைகளில் ஏற்படுத்தப்பட்டன. ஒவ்வொரு தாய் இறப்பையும் தணிக்கை செய்து காரணம் காணும் முறை நடைமுறைக்கு வந்தது. 2008 செப்டம்பரில் 108 அவசர ஊர்திச் சேவை தொடங்கியது. பேறுகாலத்தைப் பொறுத்தவரை மூன்று தாமதங்களையும் அரசு தனித்தனியே கண்டறிந்து குறைத்தது எனலாம்.

இந்த முன்னேற்றத்தின் அடித்தளம் ஊரகத்திலேயே இடப்பட்டது என்பதும் உண்மை. வீடு வீடாகச் சென்று கருவுற்ற பெண்ணைப் பதிவு செய்யும் கிராம சுகாதார செவிலியர் அமைப்பு ஊராட்சிகளில் வலுவாக இருந்த காலத்தில், மாநகரக் குடிசைப் பகுதிகளில் அத்தகைய அமைப்பு மெலிந்தே இருந்தது. 1988இல் உலக வங்கி உதவியுடன் சென்னைக்கும் மும்பைக்குமாகத் தொடங்கப்பட்ட ஐந்தாம் இந்திய மக்கள்தொகைத் திட்டத்தின் கீழ்தான் சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் சுகாதார நிலையங்கள் பரவலாயின. 2013இல் வந்த தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கம் அவற்றை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களாக வலுப்படுத்தியது. நகரத்துப் பெண்ணுக்கு மருத்துவமனை அருகில் இருக்கிறது என்ற எண்ணமே, அவளைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை என்ற முடிவுக்கு நீண்டகாலம் இடமளித்தது போலும்.

எண் முடிந்தபின்

கருவுற்ற பெண்ணுக்குத் தமிழ்நாட்டில் ஒரு பதிவு எண் வழங்கப்படுகிறது. 'பிக்மி' எண் எனப்படும் இது 2017 முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் பெறுவதற்கும் கட்டாயமாக்கப்பட்டது. பரிசோதனை நாள், இரத்தச் சோகை அளவு, தடுப்பூசி, நிதியுதவித் தவணை ஆகிய அனைத்தும் அந்த எண்ணைச் சார்ந்தே கண்காணிக்கப்படுகின்றன. குழந்தை பிறந்து, தடுப்பூசிகள் முடிந்து, தாய் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டதும் அந்த எண்ணின் பயன் முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் கருத்தடை முறைகளுள் பெண் கருத்தடை அறுவையே மிகப் பெரும்பான்மையாகும். அதைச் செய்துகொள்வோரில் பலர் இருபதுகளின் நடுப்பகுதியில் உள்ளவர்கள். அதன்பின் அப்பெண் முப்பது, நாற்பது ஆண்டுகள் கருப்பையுடன் வாழ்கிறாள். ஆயினும் அவளைப் பெயர் சொல்லி அழைக்கும் பதிவேடு இல்லை. தாமதத்தின் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் உள்ளது.

வெள்ளைப்படுதல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்ப் பெண்களிடையே இது பெரும்பாலும் உடல் சூட்டின் விளைவு எனக் கருதப்படுகிறது. இளநீர், வெந்தயம், நன்னாரி, எண்ணெய்க் குளியல் ஆகியவை முதல் மருந்துகள். அடுத்தது நாட்டு மருந்துக் கடை. இயல்பான சுரப்புக்கு இவற்றால் தீங்கில்லை. ஆனால் நிறம் மாறிய, நாற்றமுள்ள, அரிப்புடன் கூடிய வெள்ளைப்படுதல் தொற்றின் அறிகுறியாகும். அது கருக்குழாய்களுக்குப் பரவினால் மலட்டுத்தன்மைக்கும் கருப்பைக்கு வெளியே கருத்தரித்தலுக்கும் காரணமாகலாம். மக்கள் வழக்கில் 'வெட்டை' என்னும் சொல் பால்வினை நோயையும் சுட்டுவதால், நோயைச் சொல்வதே ஒழுக்கத்தின்மேல் ஐயத்தை வரவழைக்கும் என்ற அச்சமும் உண்டு. கணவனையும் சேர்த்துச் சிகிச்சைக்கு அழைத்துவரும்படி மருத்துவர் கூறினால் பலர் மறுமுறை வருவதில்லை. கணவனுக்குச் சிகிச்சையளிக்காமல் மனைவிக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால் தொற்று திரும்பவும் வரும். அப்போது அப்பெண் மருந்து பலிக்கவில்லை என்றே கருதுகிறாள்.

இத்தகைய மறைந்த நோய்ச்சுமையின் அளவை உலகுக்குக் காட்டிய ஆய்வு மராட்டிய மாநிலக் கட்சிரோலி மாவட்டத்தில் நடந்தது. மருத்துவர் இராணி பங்கும் உடன் பணியாற்றியோரும் இரண்டு சிற்றூர்களில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989இல் முடிவுகளை வெளியிட்டனர். 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு பெண்ணோய் இருந்தது. அதற்கு முன் எப்போதேனும் பெண்ணோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 விழுக்காடு மட்டுமே. கட்சிரோலி காடடர்ந்த, மருத்துவமனை எட்டாத நிலப்பகுதி. வடசென்னையோ அதற்கு நேர்மாறானது. மருத்துவமனை தெருமுனையில் இருந்தும் தாமதம் நீடிப்பதால், தொலைவை மட்டும் காரணமாகக் காட்ட இயலாது.

அடியிறக்கம் எனப்படும் கருப்பை இறக்கத்தைப் பற்றிப் பேசுவது இன்னும் அரிது. அடுத்தடுத்த பேறுகளும், பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே கூடை சுமக்கவும் குடம் தூக்கவும் நேர்வதும் இதைத் தீவிரப்படுத்துகின்றன. செங்கல்பட்டுப் பகுதியில் தலித் பெண்களை முதன்மையாகக் கொண்டு 1981இல் தொடங்கப்பட்ட ஊரகப் பெண்கள் சமூகக் கல்வி மையம் இந்நோயை வெளிக்கொணர்ந்த அமைப்புகளுள் ஒன்று. அதன் ஆய்வுகளில் பெண்கள் பல ஆண்டுகள் இதைத் தாங்கிக்கொண்டே உழைத்தது தெரியவந்தது. மீன்கூடையைத் தலையிலேற்றித் தெருத்தெருவாக விற்கும் வடசென்னைப் பெண்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அறுவை செய்தால் மாதக்கணக்கில் பளு தூக்கக் கூடாது என்ற மருத்துவ அறிவுரை, பிழைப்பையே நிறுத்தச் சொல்வதாக அவர்களுக்குப் படுகிறது.

கருப்பைவாய்ப் புற்றுநோயில் தாமதத்தின் விலை உயிராகும். சென்னையில் 1982 முதல் அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பொறுப்பில் மாநகரப் புற்றுநோய்ப் பதிவகம் இயங்கிவருகிறது. தொடக்க ஆண்டுகளில் சென்னைப் பெண்களிடையே முதலிடம் பெற்றிருந்தது இப்புற்றுநோயே. பின்னர் அது தொடர்ந்து குறைந்தது. மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்தது. குறைந்தபோதிலும் இந்நோயுடன் வருவோரில் பெரும்பாலோர் முற்றிய நிலையிலேயே வருகின்றனர். உடலுறவுக்குப் பின்னும், மாதவிலக்கு நின்றபின்னும் காணும் உதிரம் இதன் முதன்மையான எச்சரிக்கை. முன்னதை வெளியில் சொல்ல நாணம் தடுக்கிறது. பின்னதை 'மறுபடி வந்துவிட்டது' என எண்ணிச் சிலர் விட்டுவிடுகின்றனர்.

இத்தனைக்கும் முன்னறிதல் எளிது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, வெண்மையாகும் பகுதியைக் கண்ணால் பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடங்களே போதும். திண்டுக்கல் மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான பெரும் ஆய்வு, பயிற்சி பெற்ற செவிலியர் ஒருமுறை செய்யும் இச்சோதனையால் இந்நோயின் தோற்றம் 25 விழுக்காடும், இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததைக் காட்டியது. தமிழ்நாடு அரசு இச்சோதனையை 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடித் திட்டமாகத் தொடங்கி 2012இல் மாநிலம் முழுவதற்கும் விரித்தது. ஆயினும் 2019-21 ஆய்வில், 30 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் 9.8 விழுக்காட்டினரே எப்போதேனும் இச்சோதனை செய்துகொண்டதாகத் தெரிவித்தனர். இந்திய அளவான 1.9 விழுக்காட்டை விட இது மிகுதிதான். எனினும் பிள்ளைப்பேற்றுக்கு 99.6, புற்றுநோய்ச் சோதனைக்கு 9.8 என்ற இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

நேரமும் கூலியும்

காசிமேட்டில் மீன் ஏலம் விடியுமுன் தொடங்குகிறது. ஏலத்தில் மீன் எடுக்கும் பெண் அதைப் பகலுக்குள் விற்றாக வேண்டும். பிற்பகலில் மீனின் விலை விழுந்துவிடும். அரசு மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் புறநோயாளிச் சீட்டு வழங்கப்படுவது காலை நேரத்தில்தான். வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும் காலையே வேலை நேரம். சீட்டு, பரிசோதனை, இரத்தச் சோதனை, முடிவு, மருந்து என ஒரு நோய்க்கு மூன்று நான்கு நாள்கள் வர நேர்ந்தால் அத்தனை நாள்களின் வருமானமும் போய்விடும். சிகிச்சை இலவசமேயாயினும் இழந்த கூலி மருத்துவச் செலவாகவே குடும்பத்தின் கணக்கில் எழுதப்படுகிறது.

இந்தக் கணக்கில் பெண்ணின் நோய் கடைசி இடத்தைப் பெறுகிறது. குழந்தையின் காய்ச்சலும் கணவனின் காயமும் அன்றே கவனிக்கப்படும். வேலை செய்ய முடிகிற வரை தன் நோயைத் தள்ளிப்போடுவது பொறுப்புள்ள பெண்ணின் இலக்கணமாகவே கருதப்படுகிறது. மாலை நேரப் புறநோயாளிப் பிரிவுகள் உள்ள இடங்களில் இத்தடை ஓரளவு தளரும். தனியார் மருந்தகங்கள் இரவு வரை திறந்திருப்பதே ஏழைகளும் கடன் வாங்கி அங்கு செல்வதற்கு முக்கியக் காரணமாகும்.

ஒப்புதலும் கையொப்பமும்

தேசியக் குடும்பநல ஆய்வில் பெண்களிடம் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, மருத்துவரிடம் செல்ல அனுமதி பெறுவதும், துணையின்றித் தனியே செல்வதும், பெண் மருத்துவர் இல்லாமையும் அவர்களுக்குச் சிக்கலாக உள்ளனவா என்பது. அனுமதி என்ற சொல் வடசென்னைக்குச் சற்று மிகையாகத் தோன்றலாம். சந்தையில் ஆண்களோடு பேரம் பேசி வெல்லும் பெண்கள் இங்கு ஏராளம். ஆயினும் பணத்தைக் கையாளும் உரிமையும் தன் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையும் ஒன்றல்ல. கருத்தடை அறுவை, கருப்பை அகற்றல் போன்றவற்றில் மாமியாரும் கணவனும் கூடி முடிவெடுக்கும் வழக்கமே மிகுதி.

கருக்கலைப்பில் இதன் விளைவு கடுமையானது. 1971ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய பெண்ணின் ஒப்புதல் மட்டும் போதும். கணவனின் கையொப்பத்தைச் சட்டம் கோரவில்லை. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20 வாரங்கள் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறிப்பிட்ட வகையினருக்கு 24 வாரங்கள் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் தேவை. மணமாகாத பெண்களுக்கும் அதே உரிமை உண்டென 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருந்தும் நாட்டின் பல மருத்துவமனைகளில் கணவனையோ பெற்றோரையோ அழைத்துவரும்படி கூறுவது வழக்கமாக உள்ளது. உடனே கருத்தடை அறுவைக்கு இசைந்தால் மட்டுமே கருக்கலைப்பு எனக் கூறுவதும் பதிவாகியுள்ளது. திரும்பி அனுப்பப்படும் ஒவ்வொரு முறையும் வாரங்கள் கூடுகின்றன. தொடக்க வாரங்களில் மாத்திரையால் முடியக்கூடியது பின்னர் அறுவையாகிறது. சட்ட வரம்பைத் தாண்டினால் தகுதியற்றோரின் கைக்குப் போகிறது.

அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டின்றி விற்க இந்தியச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அது தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் பல ஆண்டுகளாக எளிதில் கிடைக்காத பொருளாக இருந்து வந்திருப்பது இங்கு இணைத்து நோக்கத்தக்கது. 18 வயதுக்குட்பட்ட சிறுமியர் நிலை இன்னும் சிக்கலானது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் காவல் துறைக்குத் தகவல் தருவதை மருத்துவர்க்குக் கட்டாயமாக்கியது. குழந்தைகளைக் காக்க வந்த இவ்விதியால், வழக்குக்கு அஞ்சும் குடும்பங்கள் மருத்துவமனையையே தவிர்க்கின்றன. மேற்கூறிய 2022ஆம் ஆண்டுத் தீர்ப்பு, சிறுமியும் காப்பாளரும் கோரினால் அச்சிறுமியின் அடையாளத்தை மருத்துவர் தெரிவிக்க வேண்டியதில்லை என விளக்கியது. இவ்விளக்கத்தைப் பொதுமக்கள் அறிய வாய்ப்புகள் குறைவு.

மருத்துவமனைக்குள்

சென்னையின் ஏழைப் பெண்களது பேறுகால அனுபவங்களை 1990களில் களஆய்வு செய்த மானிடவியலாளர் சிசிலியா வான் ஹோலன், 2003இல் அதனை நூலாக வெளியிட்டார். மெரினா கடற்கரையிலுள்ள நொச்சிக்குப்பம் அவரது களங்களுள் ஒன்று. மருத்துவமனைப் பிள்ளைப்பேற்றைப் பெண்கள் விரும்பியே நாடினர் என்பதையும், அதேவேளையில் ஏச்சுப்பேச்சு, கீழ்நிலைப் பணியாளர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது, பிள்ளை பிறந்தவுடன் கேளாமலே கருத்தடை வளையம் பொருத்தப்பட்டது ஆகியவற்றைக் கண்டு அஞ்சினர் என்பதையும் அந்நூல் பதிவு செய்கிறது. கேளாமல் பொருத்தப்படுமோ என்ற அச்சமே சிலரை மருத்துவமனையிலிருந்து விலக்கிற்று. கருத்தடை இலக்குகளை எட்டும் அவசரத்தில் பெண்ணின் ஒப்புதல் பின்தள்ளப்பட்டதன் விளைவு, அடுத்த தலைமுறைக்கும் சொல்லப்படும் கதையாயிற்று.

பேறு அறையில் உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கும் முறை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004இல் அறிமுகமானது. 2017இல் மத்திய அரசின் 'லக்ஷ்யா' திட்டம் மரியாதையான பராமரிப்பைத் தர அளவுகோல்களுள் ஒன்றாக்கியது. பேறு அறைக்குக் கிடைத்த இக்கவனம் பெண்ணோய்ப் புறநோயாளிப் பிரிவுக்குக் கிடைத்ததாகக் கூற முடியாது. மறைப்புத் திரையின்றிப் பரிசோதிப்பது, வரிசையில் நிற்போர் காதில் விழும்படி நோயைக் கேட்பது போன்றவை, தனி இடம் ஒதுக்கினாலே தீரக்கூடிய தடைகள்.

சாலையும் ஆலையும்

எண்ணூரிலிருந்து இராயபுரத்துக்குத் தொலைவு 15 கி.மீ.க்குள் அடங்கும். ஆனால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் சரக்குப் பெட்டக லாரிகளின் வரிசை எண்ணூர் நெடுஞ்சாலையில் பல ஆண்டுகளாக நீங்காத காட்சி. கொருக்குப்பேட்டை போன்ற இடங்களில் இருப்புப்பாதைக் கடவுகள் அடிக்கடி மூடப்படுவதும் அவசர ஊர்திகளைத் தடுத்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ தொடர்வண்டி விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டதும், அதே ஆண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கலாம் என அறிவிக்கப்பட்டதும் பயன் தந்தன. எண்ணூர்க் கழிமுகத்தையொட்டிய குப்பங்களுக்கு மெட்ரோ எட்டாது. அவர்கள் பேருந்தையும் கும்மிடிப்பூண்டி மார்க்கப் புறநகர் வண்டியையுமே நம்பியுள்ளனர்.

தொழிற்சாலைகளின் பாதிப்பு இருவகை. நேரடியானது காற்று. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1,300 கருவுற்ற பெண்களைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வு, நுண்துகள் மாசு கூடக்கூடப் பிறக்கும் குழந்தையின் எடை குறைவதைக் கண்டது. மறைமுகமானது வருமானம். 2023 திசம்பர் தொடக்கத்தில் மிக்சாம் புயல் வெள்ளத்துடன் எண்ணெய்க் கசிவு எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து மீன்பிடிப்பு நின்றது. அம்மாதம் 26ஆம் நாள் இரவு உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் நள்ளிரவில் வீடுகளை விட்டு வெளியேறினர். இத்தகைய மாதங்களில் மூச்சுத்திணறலும் கண்ணெரிச்சலும் மருத்துவமனைக்குப் போகும். வெள்ளைப்படுதல் வீட்டிலேயே இருக்கும். 2020இல் கொரோனாத் தொற்றின்போது இராயபுரம் மண்டலம் சென்னையில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டபோதும், உடனடியாக உயிருக்கு ஆபத்தில்லாத நோய்கள் இவ்வாறே ஒத்திவைக்கப்பட்டன.

ஆவணங்கள்

மகப்பேறு நிதியுதவிக்கு ஆதார், வங்கிக் கணக்கு, உரிய காலத்தில் பதிவு ஆகியவை தேவை. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களும், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து கட்டுமானப் பணிக்கும் ஆலைப் பணிக்கும் வந்தோரின் மனைவியரும் இதில் இடர்ப்படுகின்றனர். தமிழ் அறியாத பெண் தன் நோயைக் கணவனின் வாய்வழியே சொல்ல நேர்கிறது. சில நோய்களை அவ்வாறு சொல்லவே முடியாது.

குறைக்கும் முயற்சிகள்

2021 ஆகத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது. பேறுகாலம் முடிந்த பெண்ணை ஒரு சுகாதாரப் பணியாளர் மீண்டும் தேடிச் செல்வது இதனால் இயல்பாயிற்று. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான பாப்பிலோமா நச்சுயிரிக்கு எதிரான தடுப்பூசியை 14 வயதுச் சிறுமியருக்கு இலவசமாக வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. நச்சுயிரியைக் கண்டறிய, பெண்கள் தாமே மாதிரி எடுத்துக் கொடுக்கும் முறையை உலகச் சுகாதார அமைப்பு ஏற்றுள்ளது. நாணமும் நேரமின்மையும் ஒருசேரத் தடுக்கும் இடங்களில் இம்முறைக்குச் சிறப்பான பயன் உண்டு; மீன் விற்று வீடு திரும்பிய பெண் மாலையில் தன் வீட்டிலேயே மாதிரியை எடுத்து, மறுநாள் வரும் செவிலியரிடம் கொடுத்துவிடலாம்.